இடது கையின் கணக்கு

பெரிய வியாழனன்று எங்கள் சபையில்
இப்போதெல்லாம் கால் கழுவுவதில்லை.
டொலீடோவில் ஏப்ரல் பிறந்தும்
தெருவோரப் பனி கறுத்துக் கிடக்கும்.
காலுறையைக் கழற்று என்றால் யார் வருவார்கள்?
பதிலுக்கு மூலைச் சலவைக்கடையின்
இருபத்தெட்டு இயந்திரங்களையும்
ஆறு மணியிலிருந்து பத்து வரை
நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.
காசு எங்களுடையது,
அழுக்கு வருகிறவர்களுடையது.
அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நான் பொருளாளன்.
கால் டாலர் காசுகளை நாற்பது நாற்பதாகச் சுருட்டி
பழைய பிஸ்கட் டப்பாவில் அடுக்கிக் கொண்டுவருகிறவன்.
எனக்குப் பிரசங்கம் வராது.
ஜெபம் நீண்டால்
மனசுக்குள் கூட்டல் போட ஆரம்பித்துவிடுவேன்.

காசு முழுவதும் வெண்டெல் க்ரௌஸ் தருவது.
பெயர் வெளியே வரவேண்டாம் என்ற சீட்டோடு
வருடா வருடம் ஒரு காசோலை.
வலது கை கொடுப்பதை இடது கை அறியக்கூடாதாம்.
நல்லதுதான்.
ஆனால் பொருளாளன்
இரண்டு கைகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவன்.

அன்றைக்கு கோரின் பாஸ்லர் வந்தாள்.
மூன்று மூட்டை, ஒரு பையன்.
போர்வையெல்லாம் மண்ணெண்ணெய் வாடை.
"ஹீட்டர் டிசம்பரில் நின்றது" என்றாள்
சோப்புத்தூளிடம் சொல்கிறவள் போல.
"சுடுதண்ணீர் அதற்கும் முன்னாடி."
உலர்த்தும் இயந்திரத்தின் கண்ணாடிக் கதவில்
பையன் இரண்டு உள்ளங்கையையும் பதித்திருந்தான்.
விளையாடுகிறான் என்று விட்டுவிட்டேன்.
கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது,
குளிர்காய்ந்துகொண்டிருந்தான்.

வீட்டுக்காரர் யார் என்று
நான் கேட்கவில்லை. வெர்லீன் ப்ரூயிட் கேட்டாள்.
கேட்கக்கூடாததைக் கேட்பதற்கென்றே
அவளை டீக்கனாக வைத்திருக்கிறோம்.
கோரின் வாடகை ரசீதை நீட்டினாள்.
மேலே ஏதோ கம்பெனிப் பெயர்.
கீழே ஒரு கையெழுத்து,
கடைசி எழுத்தின் வால்
மேலே ஏறித் திரும்பி
தன்னையே வெட்டிக்கொண்டு போகும் கையெழுத்து.

என் கையில் ஒரு சுருள் இருந்தது.
நாற்பது காசு.
அவள் கட்டிய வாடகை
ஊரெல்லாம் சுற்றி, வங்கியில் மாறி,
அவள் போர்வையைத் துவைக்க
என் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை சபைக்கூட்டம்.
போதகர் சமாதானத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார்.
கூரை ஒழுகுகிறது என்று யாரோ நினைவூட்டினார்கள்,
க்ரௌஸ் இல்லாமல் கூரை இல்லை என்று அர்த்தம்.
வெர்லீன் எழுந்து
நகராட்சியின் வீட்டு விதிகளை வாசித்தாள்.
அறை எவ்வளவு சூடாக இருக்கவேண்டும்,
குழாயில் என்ன வரவேண்டும்,
எத்தனை நாளுக்குள் சரிசெய்யவேண்டும்.
வேதபாடம் வாசிக்கிற அதே குரல்.
முடித்ததும் பின்வரிசையில் ஒருவர்
பழக்கதோஷத்தில் "ஆமென்" என்றுவிட்டார்.

க்ரௌஸ் என்னைப் பார்த்தார்.
முப்பது வருடம் ஒரே பெஞ்சு.
என் மனைவியின் பெட்டியை
முன்பக்கம் தாங்கி நடந்தவர்.
"நீயா?" என்றார்.
டப்பாவைத் திறந்தேன்.
மிச்சம் பதினோரு சுருள், நூற்றுப் பத்து டாலர்.
மேஜைமேல் ஒவ்வொன்றாக வைத்தேன்.
"பாய்லருக்கு" என்றேன்.
கிண்டல் என்று நினைத்தார்கள்.
எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை.

மே மாதம் அந்தக் கட்டடத்துக்குப் பாய்லர் வந்தது.
வக்கீல் கடிதத்துக்கு வந்ததா, மனசாட்சிக்கு வந்ததா,
என் பேரேட்டில் அதற்குப் பத்தி இல்லை.
கூரை ஒழுகுகிறது. வாளி வைக்கிறேன்.
வாளி நிறைந்தால் ஊற்றிவிட்டு வந்து
மறுபடி வைக்கிறேன்.
ஞாயிறுதோறும் பெஞ்சில்
என் இடது பக்கம் காலி.
கோட்டைக் கழற்றி அங்கே போடலாம்.
மடியில்தான் வைத்துக்கொள்கிறேன்.